இருபதுக்குச் சைபர்

போட்டோக்கொப்பி மெசின் சூடேறும்போது ஒரு மணம் வரும். ஈரத் துணியில் ஸ்திரிக்கைப் பெட்டியை வைத்தெடுத்தது மாதிரி, கொஞ்சம் கருகல், கொஞ்சம் ஈரம். இப்போது நூலகத்திலோ பாங்கிலோ அந்த மணம் அடித்தால் என் விரல்கள் தாங்களாகவே கடதாசி ஒற்றைகளை எண்ணத் தொடங்கிவிடும். ஸ்காபரோவின் வடக்குப் பக்கத்தில் ஒரு பிளாசா. கீழே பபிள் ரீ கடையும் பல் டொக்டரும். மேலே ரியூசன் சென்ரர். அந்த மாடியில் ஒன்பது வருடம் சீனப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வாசிக்கப் படிப்பித்தேன். சரியாகச் சொல்வதென்றால், ஒரு பாசேஜைக் கொடுத்து, அதன் கீழே இருக்கும் கேள்விகளுக்கு விடை தெரிவுசெய்யப் படிப்பித்தேன். இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.

அதற்கு முன் இந்த நகரத்தில் எட்டு வேலை பார்த்திருக்கிறேன். எதிலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. ஒரு கதிரை என் உடம்புச் சூட்டைப் பழகிவிட்டது என்று தெரிந்தால் எனக்கு எழும்பிப் போக வேண்டும் போல இருக்கும். இங்கே ஏன் ஒன்பது வருடம் இருந்தேன் என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. சனிக்கிழமைகள் கெதியாகப் போயின.

இந்த வேலைக்கு இப்போது வருகிற இளம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சென்ரரில் எல்லோரும் கதைத்தது இங்கிலீஷ். என் நினைவில் அது எங்கள் பேச்சுத் தமிழாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

1. சுவரில் இருந்தவர்

சென்ரரின் சொந்தக்காரி மிஸிஸ் லாம். ஹொங்கொங்கில் இருந்து வந்தவர். சிரிக்க வேண்டிய இடத்தில் தலையை ஒருமுறை ஆட்டுவார், அதுதான் சிரிப்பு. என்னை இன்ரவியூ செய்தபோது அவர் கேட்டது மூன்று கேள்வி.

“எந்த நாடு?”

“சிறீலங்கா.”

“அங்கை பிள்ளையளுக்கு கொம்பிறிகென்சன் படிப்பிக்கிறவையோ?”

“ஓம். எனக்குப் பன்னிரண்டு வயசிலை ஸ்னோவைப் பற்றி ஒரு பாசேஜ் தந்தவை. பத்துக் கேள்வி. பத்தும் சரி.”

“ஸ்னோவைப் பாத்திருக்கிறீங்களோ அப்ப?”

“இல்லை.”

அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். எனக்கு வேலை கிடைத்தது.

வகுப்புச் சுவரில் ஒரு பெரிய போஸ்டர். ரை கட்டிய ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தில் விரலை வைத்தபடி சிரித்துக்கொண்டு நிற்பார். முதல்நாள் மிஸிஸ் லாமிடம் கேட்டேன், இவர் எந்த நாளில் வருவார் என்று.

“வரமாட்டார். போஸ்டரோடை வந்த ஆள்.”

“தாய் தகப்பன் கேட்டால்?”

“லீவிலை நிக்கிறார் எண்டு சொல்லுவன்.”

“எவ்வளவு நாளா லீவு?”

“சென்ரர் திறந்த நாளிலை இருந்து.”

2. நிலாவில் இருந்து கேள்வி வராது

கடைப் புத்தகங்களைக் கொப்பி எடுத்தால் வழக்கு வரும் என்று மிஸிஸ் லாமுக்குப் பயம். ஆகவே பாசேஜ்களை நானே எழுத வேண்டும். எனக்கு அது பிடித்தது. நான் வீட்டில் வேறு எழுத்தும் எழுதுகிற ஆள். ஒருவரும் கேட்காத எழுத்து. இங்கே கேட்டு வாங்குகிறார்கள். முதல் கிழமை, ஏரிக்கரையில் நாயை இழந்த ஒரு கிழவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மிஸிஸ் லாம் சிவப்புப் பேனையோடு இருந்தார்.

“இதிலை ஏன் நிலா வருது?”

“வடிவுக்கு.”

“நிலாவிலை இருந்து ஒரு கேள்வி வருமோ?”

“வராது.”

“அப்ப வெட்டுங்கோ.”

வெட்டினேன். ஒன்பது வருடத்தில் நூற்றுக்கு மேல் பாசேஜ் எழுதியிருப்பேன். அவற்றில் மழை, காற்று, ஏரி எல்லாம் கேள்விக்கு உதவினால் மட்டும் வரும். சும்மா பெய்த மழை ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கும் அதே ஒழுங்குதான். பாசேஜை அவர்கள் வாசிப்பதில்லை. கேள்வியை முதலில் வாசிப்பார்கள். கேள்வியில் இருக்கிற சொல்லைப் பாசேஜில் தேடுவார்கள். அதற்கு முந்திய வரி ஒன்று, பிந்திய வரி ஒன்று. பிறகு நான்கு விடைகளில் இரண்டை வெட்டிப்போட்டு, மிச்சம் இரண்டில் நீளமானதை எடுப்பார்கள். சீனாவில் எட்டு வயதிலேயே பழகிவந்த கை. மூளை வேண்டாம், கையே செய்யும். சனிக்கிழமை காலையில் இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒற்றையைப் புரட்டும் சத்தம் புறாக் கூட்டம் எழும்புவது மாதிரி இருக்கும்.

அவர்கள் மாட்டுப்படுவது இன்ஃபறன்ஸ் கேள்வியில். எழுதாததை விளங்கிக்கொள்வதுதான் இன்ஃபறன்ஸ். செத்த நாயின் படுக்கையைக் கிழவர் எறியாமல் கதவடியிலேயே வைத்திருக்கிறார். அவருடைய மனநிலை என்ன? வகுப்பில் பாதிப்பேர் கையை உயர்த்தினார்கள்.

“எழுதியில்லை, மிஸ்.”

“எழுதியில்லைத்தான். யோசியுங்கோ.”

ஒரு பெடியன் உண்மையான கவலையோடு கேட்டான். “அந்த மனுசன் என்ன நினைச்சார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும், மிஸ்? எனக்கு அவரைப் பழக்கமில்லையே?”

அதற்கு நான் சொன்ன விடை நினைவில்லை. நல்ல விடையாக இருந்திருக்காது.

3. இருபதுக்குச் சைபர்

ஜியா சென்ரருக்கு வந்தது ஒரு பெப்ரவரி. பதினோராம் வகுப்பு. சீனாவில் இருந்து தனியாக வந்து, ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் காசு கட்டி ஹோம்ஸ்ரே இருந்தாள். இந்த மாகாணத்தில் ஹைஸ்கூல் டிப்ளோமா எடுக்க, வாசிப்பும் எழுத்தும் பார்க்கிற லிட்டறசி ரெஸ்ட் ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் அவள் அதில் பெயில். இரண்டாம் முறை ஏப்ரலில். அதற்குப் பதில் ஒரு கோர்ஸ் எடுக்கவும் வழி உண்டு; ஆனால் தகப்பன் அதைக் கேட்கவும் விரும்பவில்லை. குளியலறைக் குழாய் செய்கிற ஃபக்டறி ஒன்றில் அவர் மனேஜர். சேர்க்கிறபோதே மிஸிஸ் லாமிடம் ஃபோனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இந்த முறையும் பெயில் என்றால், கனடா போதும், பிள்ளை திரும்பி வரட்டும்.

“பாஸ் பண்ண வைக்கிறம் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றார் மிஸிஸ் லாம். சென்ரரில் அதுவரை ஒருவரும் இரண்டாம் முறை பெயிலாகவில்லை. அந்தச் செய்தி கீழே பபிள் ரீ கடைக் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தது.

ஜியா முன்வரிசையில் இருப்பாள். நேரத்துக்கு வருவாள். பென்சில் மூன்று, மூன்றும் சீவினது. பாசேஜில் ஒவ்வொரு கடினமான சொல்லுக்கு மேலும் மெல்லிய சீன எழுத்தில் அர்த்தம் எழுதுவாள். முதல் பிறாக்டிஸ் பேப்பரில் இருபதுக்கு ஒன்று. இரண்டாவதில் சைபர். மூன்றாவதிலும் சைபர்.

நான் எல்லா ரீச்சரும் செய்வதைச் செய்தேன். மேலதிக பேப்பர் கொடுத்தேன். இலகுவான பாசேஜ் எழுதினேன். அதையும் இலகுவாக்கினேன். கடைசியில், ஒரு பூனை ஒரு பெட்டிக்குள் ஏறி இறங்குகிற கதை வரைக்கும் வந்துவிட்டேன். பூனை எங்கே ஏறியது என்ற கேள்விக்கு ஜியா “மரம்” என்று போட்டாள். அந்தக் கதையில் மரமே இல்லை.

“நன்றி, மிஸ்,” என்று பேப்பரை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல் ஃபைலில் வைப்பாள்.

ஒவ்வொரு சனியும் பதினொரு மணி ரீ பிறேக்கில் தகப்பன் ஃபோன் கோல் எடுப்பார். அவருக்கு அது இரவு. ஸ்பீக்கரில் போட்டு, நான் றிப்போட் சொல்ல, மிஸிஸ் லாம் மொழிபெயர்ப்பார். “முயற்சி நல்லது, சொல்வளம் காணாது” என்று நான் ஒரு வரி சொல்வேன். மிஸிஸ் லாம் அதைச் சீனத்தில் மூன்று நிமிடம் சொல்வார். தகப்பன் ஒரு சொல் சொல்வார். மிஸிஸ் லாம் எனக்கு, “கவலைப்படுறார்” என்பார்.

எங்கள் சென்ரரில் மற்றத் தமிழ் ஆள் சிவநேசன் அண்ணை. கணிதம். யாழ்ப்பாணத்தில் ரியூசன் மாஸ்ரராக இருந்து, இங்கே இருபது வருடம் சப்பாத்துக் கடையில் நின்று, பென்சன் எடுத்த பிறகு மறுபடி சோக்குக்கட்டி பிடித்தவர். நாலாம் கிழமை பேப்பரை நான் திருத்திக்கொண்டிருக்க, பின்னால் வந்து நின்று தேத்தண்ணி குடித்தார்.

“என்ன ரீச்சர், எல்லாம் சிவப்பாக் கிடக்கு?”

“இந்தப் பிள்ளைக்கு மண்டையிலை ஒண்டும் ஏறுதில்லை அண்ணை. மூண்டு கிழமையாச் சைபர்.”

“எத்தினை கேள்வி?”

“இருபது. ஒவ்வொண்டுக்கும் நாலு விடை.”

அண்ணை கோப்பையை என் மேசையில் வைத்தார். அது கடதாசிமேல் வட்டமாகக் கறை பிடித்தது.

“ரீச்சர், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் இருபதிலை அஞ்சு சரி வரும். ஒரு கிழமை மூண்டு வரும், ஒரு கிழமை ஏழு வரும். மூண்டு கிழமை அடுக்கிச் சைபர் வராது. உவள் இருபது சரி விடையும் தெரிஞ்சுதான் இருபதையும் தள்ளி வைக்கிறாள்.”

“என்ன சொல்லுறியள்?”

“உங்கடை வகுப்பிலை ஆகக் கெட்டிக்காரி உவள்தான் எண்டு சொல்லுறன். நீங்கள் பூனைக்கதை எழுதிக் குடுக்கிறியள்.”

வெட்கம் முதலில் காதில்தான் வரும். நான் பேப்பர்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சொற்களுக்கு மேல் அவள் எழுதிய சீனத்தை மிஸிஸ் லாமிடம் காட்டினேன், இந்த அர்த்தமெல்லாம் சரியா என்று. “எல்லாம் சரி. வடிவான கையெழுத்து,” என்றார். எழுதாததை விளங்கச் சொல்லி வருடக்கணக்காகப் பிள்ளைகளை வதைத்த ஆள் நான். எனக்கு முன்னால் எண்பது விடை எழுதி வைத்திருந்தாள் ஒருத்தி.

4. ரெண்டு எடுக்கலாமா

நேரே கேட்டால் “சொறி, மிஸ்” என்று தலையைக் குனிவாள் என்று தெரியும். கோல் எடுத்துத் தகப்பனுக்குச் சொன்னால் அவள் கள்ளி ஆகிவிடுவாள். சொல்லாமல் விட்டால் ஏப்ரலில் அவள் பெயில். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஒரு பாசேஜ் எழுதினேன்.

அரைப் பக்கம். ஒரு பிள்ளை பரீட்சையில் எல்லா விடையையும் பிழையாகப் போடுகிறாள். ஒன்றாவது தவறிச் சரியாகிவிட்டதா என்று இரண்டு முறை பார்க்கிறாள். பிறகு பென்சிலைச் சீவி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். கீழே ஒரே ஒரு கேள்வி: இவள் ஏன் இப்படிச் செய்கிறாள்? ஏ, படிக்க விருப்பமில்லை. பி, இங்கிலீஷ் தெரியாது. சி, வீட்டுக்குப் போக வேண்டும். டி, அப்பாவுக்குச் சொல்லப் பயம்.

மற்றப் பிள்ளைகள் ரீ பிறேக்குக்கு இறங்கின பிறகு அவளுக்கு முன்னால் வைத்தேன். தகப்பனின் கோல் அன்றைக்கு அரைமணி பிந்தும் என்று மிஸிஸ் லாம் சொல்லியிருந்தார்.

ஜியா கேள்விக்குப் போகவில்லை. முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். திரும்ப ஒருமுறை வாசித்தாள். கீழே பபிள் ரீ கடையில் ஐஸ் அரைக்கும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

“மிஸ்.”

“சொல்லும்.”

“ரெண்டு எடுக்கலாமா?”

எடுக்கலாம் என்றேன். சியையும் டியையும் வட்டமிட்டாள். கையெழுத்துப் போடுகிற மாதிரி ஆறுதலாக.

பிறகு கதைத்தாள். முதல் முறை பெயிலானது உண்மையாகவே பெயில். வந்து அப்போது ஆறுமாதம். அதற்குப் பிறகு எல்லாம் விளங்கத் தொடங்கிவிட்டது. அதுதான் கரைச்சல்.

“இங்கை ஆரும் உம்மைக் கரைச்சல்படுத்துகினமோ?”

“இல்லை மிஸ். எல்லாரும் நல்லவை. ஒண்டரை வருசமா நான் ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கேல்லை. அங்கை எண்டால் சண்டை பிடிக்க எனக்கு ஆக்கள் இருக்கினம்.”

“சரி. பிழைவிடுறதெண்டாலும் ரெண்டு மூண்டைச் சரியா விட்டிருக்கலாமே? நானும் சந்தேகப்பட்டிருக்க மாட்டன்.”

இவ்வளவு காலம் படிப்பிக்கிறீர்கள், இது தெரியவில்லையா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். “மூண்டு சரியெண்டால், இன்னும் கொஞ்சம் முயற்சி செய் எண்டு அப்பா சொல்லுவார், மிஸ். சைபருக்கு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேலாது.”

நான் ஒரு விசயம் மட்டும் சொன்னேன். அறிவுரை இல்லை, தொழில்ரீதியாகச் சொன்னது. “நீர் பெயிலாகிப் போனால், உம்மடை அப்பா வாசிக்கப்போறது ‘என்ரை பிள்ளைக்கு ஏலாது’ எண்டு. நீர் எழுதினது அதில்லை. வாசிக்கிற ஆளுக்குப் பிழையான பாசேஜைக் குடுத்துப்போட்டு, சரியான விடையை எதிர்பாக்கிறீர்.”

 பையில் இருந்து அந்தக் கிழமைப் பேப்பரை எடுத்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் செய்து முடித்தாள். நான் திருத்தினேன். இருபதுக்கு இருபது. ரெலிபோன் அடித்தது.

5. ஸ்பீக்கரில்

மிஸிஸ் லாம் என்னைப் பார்த்தார்.

“இருபதுக்கு இருபது எண்டு சொல்லுங்கோ,” என்றேன்.

அவர் ஸ்பீக்கரைக் கையால் பொத்தினார். “போன கிழமை சைபர். இந்தக் கிழமை இருபது. இதை நான் என்னெண்டு மொழிபெயர்க்கிறது?”

“ரெண்டும் அவள்தான் எடுத்தவள் எண்டு சொல்லுங்கோ.”

அன்றைக்கு மிஸிஸ் லாம் மூன்று நிமிடம் எடுக்கவில்லை. ஒரு வரிதான் சொன்னார். அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு ரீவி ஓடுவது மட்டும் கேட்டது. ஜியா எழும்பி மேசைக்குக் கிட்ட வந்து, ரெலிபோனுக்குக் குனிந்து கதைக்கத் தொடங்கினாள்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தொனியைப் பார், முகத்தைப் பார், முன்பின் வரியைப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் செய்துபார்த்தேன். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரு இடத்தில் நின்றாள், உதட்டைக் கடித்தாள், தொடர்ந்தாள். மிஸிஸ் லாம் ஸ்ரேப்ளரைத் திறந்து, நிறைந்திருந்த ஸ்ரேப்ளருக்குள் இன்னும் பின் அடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணால் கேட்டேன். “இது மொழிபெயர்க்கிற சாமான் இல்லை,” என்றார்.

தகப்பன் ஏதோ கேட்டார். மிஸிஸ் லாம் பதில் சொன்னார். தகப்பன் மறுபடி ஏதோ சொன்னார். கோல் முடிந்தது.

“என்ன சொன்னனீர்?” என்று ஜியாவிடம் கேட்டேன்.

“வேணுமெண்டுதான் பிழையா எழுதினனான் எண்டு. வீட்டை வரவேணும் எண்டு.”

“அவர்?”

“முதல் நம்பேல்லை. பேப்பர் உண்மையோ எண்டு மிஸிஸ் லாமைக் கேட்டார். பிறகு, ரெஸ்டைச் சரியா எழுது, எழுதிப்போட்டுக் கேள் எண்டார்.”

“பாஸ் பண்ணிப்போட்டுக் கேட்டால் விடுவாரோ?”

“அது எழுதியில்லை, மிஸ்.”

ஏப்ரலில் சோதனை எழுதப் போகிற காலை, அவள் எந்த விடையை வட்டமிடுவாள் என்று எனக்குத் தெரியாது. சரியாக எழுதினால் தகப்பன், “பார், உனக்கு ஏலும், அங்கேயே இரு” என்று சொல்லலாம். பிழையாக எழுதினால் நிச்சயமாக வீடு. நான் அவளுடைய இடத்தில் நின்றிருந்தால் பிழையாகத்தான் எழுதியிருப்பேன்.

அவள் பாஸ். றிசல்ட் வந்த அன்றே மிஸிஸ் லாம் அவள் பெயரைக் கண்ணாடியில் ஒட்டினார். ஜியா தகப்பனைக் கேட்டாள். அவர் பதினாறு நாள் பதில் போடவில்லை. அந்தப் பதினாறு நாளும் அவள் வகுப்புக்கு வந்தாள், பாஸ் பண்ணின பிறகும். பிறாக்டிஸ் பேப்பர் கேட்டு வாங்கிச் செய்தாள். எல்லாம் சரி. பதினேழாம் நாள் தகப்பன் விமான ரிக்கற்றின் படம் ஒன்று அனுப்பியிருந்தார். கீழே ஒரு சொல்லும் இல்லை. அதை எனக்குக் காட்டினாள். “கோவமோ?” என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள்.

நான் எழுதிய அந்த அரைப் பக்கத்தை மிஸிஸ் லாம் கொப்பி மெசினில் கண்டெடுத்தார். நல்ல பாசேஜ் என்றார். ஏன் ஒரு கேள்வியோடு விட்டீர்கள், பத்துப் போட்டால் லெவல் மூன்றுக்குப் பாவிக்கலாமே என்றார். போட்டேன். நான் வேலையை விடும் வரைக்கும் வருடாவருடம் அதைச் செய்வித்தோம். அந்த முதல் கேள்விக்குப் பிள்ளைகள் அநேகமாக பி எடுப்பார்கள்: இங்கிலீஷ் தெரியாது.

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

நான் படித்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை பாதி பிழை விட்டால் படிப்பியுங்கள். எல்லாமே பிழை என்றால், சிவப்புப் பேனையை மூடிவைத்துவிட்டுப் பேப்பரை முதலில் இருந்து வாசியுங்கள். எழுதின ஆள் ஒருத்தி அங்கே இருப்பாள். அதோடு, கணித மாஸ்ரரோடு சேர்ந்து தேத்தண்ணி குடியுங்கள்.

ஜூன் கடைசிச் சனி, வகுப்பு முடிந்து ஜியாவும் நானும் ஒன்றாக இறங்கினோம். சிவநேசன் அண்ணை மேலே ஜன்னலால் கை காட்டினார். பஸ் ஸ்டொப்பில் வெயில். அவளுடைய பஸ் கிழக்கே, என்னுடையது மேற்கே.  சூட்கேஸில் எவ்வளவு கிலோ விடுவார்கள் என்பதைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். அவளுடைய பஸ் சிக்னலில் நிற்பது தெரிந்தது. அவள் பஸ் கார்ட்டைக் கையில் எடுத்தாள்.

“மிஸ், அங்கை போன பிறகு, அதுவும் சரியில்லையெண்டால்?”

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

“எனக்குத் தெரியாது பிள்ளை,” என்றேன். “நான் திரும்பிப் போய்ப் பாக்கேல்லை.”